பின் சீட்டு மட்டும் புதிது

அப்பா கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்த அன்றே நான் பள்ளியில் பாதிப் பேரிடம் வாங்கியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அப்போது நான்காம் வகுப்பு. தருமபுரியில் பழைய கார் விற்கும் ஒருவர் வெள்ளைக் கார் ஒன்றைக் காட்டினார். கடத்தூரிலிருந்து மாமா கூட்டிவந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, இன்ஜின் பரவாயில்லை என்றார். ஆர்.சி. புத்தகமும் சரியாகவே இருந்தது. ஏரியூர்ப் பக்கத்து ஓனர், ஒரே கையில் இருந்த வண்டி. அதற்குமேல் என்ன பார்ப்பதென்று தெரியாமல் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு டயரை உதைத்துப் பார்த்தார்கள்.

அம்மா பின் கதவைத் திறந்து சீட்டைத் தடவினாள்.

"முன்னாடி சீட்டெல்லாம் கிழிஞ்சு கெடக்குது. பின்னாடி மட்டும் எதுக்குங்க புதுசு?"

விற்பவர் சிரித்து மழுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, அந்த ஊருக்கே போய் விசாரித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றாள்.

"பொண்ணா எடுக்கறோம், ஊருக்குப் போயி விசாரிக்க?" என்றார் மாமா.

"ஆள் அடிபட்டுச் செத்த வண்டியா இருந்துதுன்னா?"

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் பஸ் ஏறினோம்.

ஏரியூர் தாண்டி இறங்கியதும் மாமா டீக்கடையில் போலீஸ்காரர் மாதிரி குரலைத் தாழ்த்தி விசாரித்தார். டீக்கடைக்காரர் தாழ்த்தவில்லை.

"மில்லுக்காரம்மா வண்டிங்களா? தோ, இந்தப் புள்ள அதுலதான் பொறந்துச்சு."

பன் வாங்க வந்திருந்த, என் வயதே இருக்கும் ஒரு பெண் நெஞ்சை நிமிர்த்தி, "நானும் எங்க தம்பியும்" என்றாள். நான் வாயைப் பிளந்தேன். தருமபுரி ஆஸ்பத்திரியில் கட்டிலில் பிறந்ததை நினைத்து முதன்முதலாக எனக்கு வெட்கமாக இருந்தது.

மாவு மில்லில் அந்த அம்மா கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வயது இருக்கும். புருவமெல்லாம் மாவு. பிரசவ வலி வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் மலை ரோட்டில் காரை ஓட்டியது அவரேதான் என்று தெரிந்தபோது, புடவை கட்டிய ஒருவர் ஸ்டியரிங் பிடிப்பதைக் கற்பனை செய்யவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மெஷினை நிறுத்திவிட்டு, கேட்பதற்கு முன்பே குறைகளைச் சொன்னார்.

"ரெண்டு தடவ முட்டியிருக்குதுங்க. ஒண்ணு புளியமரத்துல, ஒண்ணு எங்க வூட்டு மாட்டு மேல. மாட்டுக்கு ஒண்ணும் ஆவல. இப்ப முட்டி வலி, கிளச்ச மிதிக்க முடியல. அதான் குடுத்துட்டேன்."

"பின் சீட்டு?" என்றாள் அம்மா.

"ஆம்புலன்சு வர்றதுக்குள்ள வலி வந்துரும். எங்கிட்டதான் ஓடி வருவாங்க. பாதி வழியிலேயே பொறந்துரும். எத்தினி தடவதான் கழுவறது? விக்கறப்ப மாத்திட்டேன். அஞ்சு கொழந்தைங்க. நாலு நல்லா இருக்குது."

"இன்னொண்ணு?"

"தாய் பொழச்சுட்டா. கொழந்த தக்கல."

அம்மா அங்கிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மாவுக் கையாலேயே அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்பா எழுந்து வெளியே போனார்.

வாசலுக்கு வந்ததும் மாமா மெல்ல ஆரம்பித்தார். "தீட்டு வண்டி மாப்ள. வேற பாக்கலாம்."

"இதத்தாண்ணா வாங்கறோம்" என்றாள் அம்மா.

அண்ணன் முன்னால் உட்காரக்கூடத் தயங்குகிறவள் அவள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது அம்மாவின் கன்னத்தில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. நான் சிரித்தேன். அப்பா சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டார். நாலு பேர் பார்க்க அவர் அம்மாவைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கார் அவ்வளவு பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்ததை நான் கல்லூரி சேர்ந்த பிறகுதான் சித்தி சொன்னாள். வலி வந்த இரவில் எந்த வண்டியும் கிடைக்காமல் டிராக்டரில் அம்மாவை ஏற்றியிருக்கிறார்கள். ரோடே இல்லாத ரோடு. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டிராக்டரை ஓட்டியவர் அப்பா.

இது எதுவும் தெரியாமல் அன்று இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கார் வந்ததும் முதலில் ஒகேனக்கல்லுக்குத்தான் போக வேண்டும், மீன் வறுவல் வாங்கித் தர வேண்டும் என்று வழியெல்லாம் நச்சரித்தேன். இரண்டு பேரும் என் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்கள்.