கங்காணியம்மா சுழி

போன வாரம் இரத்தினபுரி பஸ் நிலையத்தில் மழைக்கு ஒரு கடையோரம் ஒதுங்கினேன். சிவனொளிபாத மலைக்குச் சனம் போகிற காலம். கடை வாசலில் குளிர்க் குல்லாய்களைக் குவித்து வைத்திருந்தார்கள். சிவப்பு, பச்சை, கண்ணைக் குத்துகிற மஞ்சள். "போட்டுப் பாருங்கம்மா, போட்டுப் பாக்க காசா கேக்குறோம்?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. ஒன்றை எடுத்தேன். தலையில் வைப்பதற்கு முன்னால் கை தானாகவே அதைப் புரட்டி உச்சியைப் பார்த்தது. ஒரு குல்லாயின் யோக்கியதை உச்சியில்தான் தெரியும். இதில் உச்சி என்று ஒன்றே இல்லை. மெஷினில் வந்த குழாயை மூட்டை கட்டுகிற மாதிரி நூலால் சுருக்கிக் கட்டி, அந்த அசிங்கம் தெரியாமலிருக்க மேலே ஒரு நூல் உருண்டையை வைத்துத் தைத்திருந்தார்கள்.

மோந்தும் பார்த்தேன், சிரிக்காதீர்கள். நிஜக் கம்பளி நூல் மழையில் நனைந்தால் லேசாக ஆட்டு வாடை வரும். இது நைலோன், ஒன்றும் வரவில்லை. வாடை வராவிட்டால் என்ன, நினைப்பு வந்துவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்காத நினைப்பு.

அந்த ஆட்டு வாடையை நான் முதலில் மோந்தது தோட்டத்துப் பங்களாவில். குருவிட்டைக்கு மேலே எங்கள் தோட்டம். அடிவாரத்தில் ரப்பர், ஏற ஏறத் தேயிலை, அதற்கும் மேலே பாதி நாள் மேகம். துரையின் குழந்தைக்கு நான் ஆயா. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது பெரிய உத்தியோகம் என்று நீங்கள் நினைக்கலாம். லயம் என்றால் கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்; மேல் லயத்துக்காரர்கள் யாரும் அந்த வேலைக்கு வரமாட்டார்கள், அங்கே மாட்டிறைச்சி வேகும். ஆகவே அது கீழ் லயத்துக்கு வந்தது. எங்கள் சாதியைத் தொட்டால் தீட்டு. எங்களுக்குத் தனி லயம், தண்ணீர் பிடிக்கத் தனிப் பீலிக் குழாய், சாமி கும்பிடத் தனி மரம். வெள்ளைக்காரக் குழந்தை மட்டும் என் இடுப்பில் உட்கார்ந்து என் கையால் கஞ்சி குடித்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, கொழுகொழுவென்றுதான் இருந்தது.

மழைக்காலத்தில் துரைசானிக்குப் பொழுது போகாது. ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவார். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைப் பார்த்து ஒருநாள் எனக்கும் ஊசி கொடுத்தார். நான் இடதுகைக்காரி. "பீச்சாங்கையால சோத்த எடுக்காதடி" என்று அம்மா அகப்பையால் அடித்து அடித்துச் சோற்றுக்கு மட்டும் வலது கை பழகியிருந்தது. மற்றதெல்லாம் இடதுதான். துரைசானி என்னை எதிரே உட்கார வைத்தார். அவருடைய வலது கை செய்வதை என் இடது கை செய்தது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. ஒரு மாதத்தில் தொப்பி பின்ன வந்துவிட்டது. எனக்கு வந்த திமிரைக் கேட்காதீர்கள்.

உடைந்த குடையின் கம்பிகளை அப்பா கல்லில் தேய்த்து ஊசியாக்கிக் கொடுத்தார். தொப்பிக்கு நாலு ஊசி வேண்டும், வட்டமாகப் பின்ன வேண்டும் அல்லவா. துரையின் பழைய கம்பளி மேற்சட்டைகளைப் பிரித்தால் நூல். போதாததை இரத்தினபுரிக் கடைவீதியில் முஸ்லிம் கடைக்கார நானா ஒருவரிடம் வாங்கினேன். அழகான தொப்பி ஒன்று பின்னி, ஞாயிற்றுக்கிழமை மேல் லயத்துப் பக்கம் போய்க் கானுக்கு இந்தப் பக்கம் நின்று காட்டினேன். கான் என்றால் தண்ணீர் வடிய வெட்டும் வாய்க்கால், அதைத் தாண்டி நாங்கள் போகக்கூடாது. மேல் லயத்து மாரிக்கண்ணு அக்காவுக்குக் கழுகுக் கண். அங்கிருந்தே பார்த்துவிட்டு, "வேல நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ பின்னுனதத் தலையில வைக்க முடியுமாடி? கால்ல போடுற மேசுன்னா குடு, வாங்கிக்கிறேன்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. வெயிலடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோல அதைச் சொன்னாள். நானும் "ஆமாங்கக்கா" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தொப்பிக்குத் தீட்டு உண்டு. தொப்பி பின்னும் வழிக்கு உண்டா? இந்த யோசனை எனக்கு எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. பின்னலை விற்காமல் மாதிரியை விற்க ஆரம்பித்தேன். புதுப்புது மாதிரிகளை நானே யோசித்து உண்டாக்குவேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் சரிவுக் கோட்டைப் பார்த்து ஒரு தொப்பி, தேயிலை நிரையைப் பார்த்து ஒரு தொப்பி. மேல் லயத்துப் பெண்கள் கானுக்கு அந்தப் பக்கம் அவரவர் ஊசியும் நூலுமாக உட்காருவார்கள், நான் இந்தப் பக்கம். என் பின்னலை அவர்கள் தொட்டுப் பார்க்க முடியாது, எழுதிக் கொடுக்க எனக்கும் தெரியாது, படிக்க அவர்களுக்கும் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டினேன். நேர்ப் பின்னலுக்குக் கொழுந்து. புரட்டிப் பின்னினால் பள்ளமாக விழுமே, அதற்குக் கான். தொப்பியின் விளிம்புக்கு "ரெண்டு கொழுந்து கிள்ளு, ரெண்டு கானத் தாண்டு". உச்சியைக் குறுக்க வேண்டிய இடத்துக்கு இப்படி:

ஆறு கொழுந்து கிள்ளு புள்ள,
ஏழும் எட்டும் ஒண்ணாக் கட்டு.
அஞ்சு கொழுந்து கிள்ளு புள்ள,
ஆறும் ஏழும் ஒண்ணாக் கட்டு.

இப்படியே குறைந்துகொண்டு போய், "கூடையில ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போவோம்" என்று முடியும்போது உச்சியில் ஒரு கண்ணி நிற்கும். கடைசி வரியில் எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். கூலியாக முட்டையோ பயறோ கானின் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் எழுந்து போன பிறகு நான் எடுத்துக்கொள்வேன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட வந்தார்கள். என் இடது கைக்கு எதிரே உட்கார்ந்ததால் அவர்களுக்குச் சுலபமாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், நான் கூப்பிட்டால் மேல் லயமே இறங்கி வருகிறது என்று பீற்றிக்கொள்வேன். இறங்கி வந்தது கான் வரைக்கும்தான் என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை.

இனிக் கங்காணியம்மா. கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணியின் சம்சாரம், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஆண் குழந்தை பிறந்திருந்தது. துரைசானி தன் குழந்தைக்குத் தானே தொப்பி பின்னிப் போட்டதைக் கங்காணி பங்களாவில் பார்த்திருக்கிறார். மனிதருக்கு ரோசம் வந்துவிட்டது. "எம் பொண்டாட்டியும் பின்னுவா. பேரு வைக்கிற அன்னிக்கு வந்து பாருங்க" என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். பாவம், கானோரம் வந்து மற்றவர்களோடு உட்கார்ந்தும் அவளுக்குக் கை வரவே இல்லை. பாட்டு நன்றாக வந்தது, எல்லாரையும்விட இனிமையாகப் பாடுவாள். ஊசியைப் பிடித்தால் விரல் மரமாகிவிடும். விளிம்பு வரும், உடம்பு வரும், உச்சிக்கு வந்தால் ஓட்டை.

பேர் வைக்கும் நாள் நெருங்கியபோது ஒரு மத்தியானம் பங்களாப் பாதையில் என்னை மறித்தாள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். முந்தானையிலிருந்து ஒரு நூலை எடுத்துப் பாதையோரக் கல்லின்மேல் வைத்தாள். குழந்தையின் தலைச்சுற்றளவு.

"நீயே பின்னிக் குடுத்துரு புள்ள. நான் பின்னுனேன்னு சொல்லிக்கிறேன்."

"ஆத்தா, தெரிஞ்சா எங்களுக்குப் பத்துச்சீட்டுத்தாங்க. அப்பா வயசான மனுசன், எங்க போவாரு?" பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டே துரத்துகிற சீட்டு. கங்காணி வாயசைத்தால் போதும், குடும்பமே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"யாரு சொல்லப் போறா? நான் சொல்லுவேனா, நீ சொல்லுவியா?" என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரு மொகத்துல முழிக்க முடியல புள்ள" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, எனக்கு ஆசை வந்தது. என் கையால் பின்னிய ஒன்று மேல் லயத்துத் தலையில் உட்காரப் போகிறது. நூலை எடுத்து மடியில் சொருகிக்கொண்டேன். துரைசானியின் குழந்தை தூங்கும் நேரங்களில் பின்னினேன். இளமஞ்சள் நூல். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு தொப்பியை நான் பின்னியதில்லை.

பேர் வைக்கும் அன்று கீழ் லயத்துக்காரர்கள் நாங்கள் கானுக்கு இந்தப் பக்கம் நின்றோம், பந்தி முடிந்தால் எங்களுக்கும் சாப்பாடு வரும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தொப்பியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கங்காணியம்மா வெளியே வந்தாள். எல்லாரும் ஆகா என்றார்கள். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போதுதான் மாரிக்கண்ணு அக்கா குனிந்து குழந்தையின் உச்சியைப் பார்த்தாள்.

நிமிர்ந்தவள் சொன்னாள்: "என்னங்க கங்காணியம்மா, சுழி எதிர்ப்பக்கமா ஓடுது? நாங்க பின்னுனா வலப்பக்கமால்ல வரும்."

உச்சியில் கண்ணிகளை ஒன்றாகக் கட்டக் கட்டத் தலைச்சுழி போல ஒரு சுழி விழும். வலது கை பின்னினால் ஒரு பக்கம், இடது கை பின்னினால் மறு பக்கம். உலகத்துக்கே மாதிரி யோசித்துக் கொடுத்த மகாபுத்திசாலிக்கு இது தோன்றவே இல்லை, பார்த்தீர்களா.

"பீச்சாங்கையில பின்னுனாத்தான் இப்புடி வரும்" என்று மாரிக்கண்ணு என் பக்கம் திரும்பினாள். "ஏய், இது ஒங் கை வேலையா?"

எல்லாரும் திரும்பினார்கள். கங்காணியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா என் பக்கத்தில் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கங்காணியம்மா குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். என்னைத்தான் பார்த்தாள்.

"ஐயோ சாமி!" என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "நீங்கள்லாம் எனக்கு எதுக்க ஒக்காந்து மாத்திப் பின்னுனீங்க. கங்காணியம்மா வெள்ளந்தி, எங் கையப் பாத்து அப்புடியே பின்னிட்டாங்க. அதான் கோணிக்கிச்சு. நான் பின்னியிருந்தா இம்புட்டு அசிங்கமாவாங்க வரும்?"

யாரோ சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இன்று உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். சிரிப்பு வந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "நான் தொட்டதப் பச்சப்புள்ள தலையில வைப்பாங்களா? நாங்க என்ன, எங்க எடம் தெரியாதவங்களா?" என்றேன், சத்தமாக, கையை ஆட்டி, கூத்தில் கோமாளி பேசுகிற மாதிரி.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கோணலா இருந்தா என்ன, எம் பொண்டாட்டி பின்னுனது" என்று கங்காணியும் சிரித்தார். மாரிக்கண்ணு சிரித்தாள். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவள் கங்காணியம்மா. தொப்பி தலையிலேயே இருந்தது. எங்கள் பந்திக்கு அன்று பாயசம் தாராளமாக வந்தது. "நல்ல வேள, நல்லாச் சமாளிச்ச புள்ள" என்று அம்மா என் முதுகைத் தடவினாள். அப்பா தலைத்துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டார். நானும் பாயசத்தைக் குடித்தேன், இனிப்பாகத்தான் இருந்தது.

வெட்கம் அப்போது வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. மேல் லயத்துப் பெண்கள் கானுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "கங்காணியம்மா சுழி சொல்லிக் குடு" என்றார்கள். எதிர்ப்பக்கம் ஓடுகிற சுழிதான் இப்போது நாகரிகமாம். என் கையிலிருந்து போன சுழியை, வலது கைக்காரர்களுக்கும் வருகிற மாதிரி கண்ணியை முறுக்கிக் கட்டச் சொல்லி, புதுப் பாட்டுக் கட்டி, அவள் பெயரிலேயே கற்றுக் கொடுத்தேன். என் மாதிரிகளிலேயே அதுதான் நன்றாக ஓடியது. பாடும்போது காது சுடும். கேட்டு வந்தவர்களிடம் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வழியில் கண்டால் கங்காணியம்மா குனிந்துகொள்வாள். ஒரே ஒருமுறை நின்று, "புள்ளைக்கு அது பத்தல புள்ள, பெரிசா ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். பிறகு "வேணாம்" என்று போய்விட்டாள். அந்தக் குழந்தையின் தலையை நான் தொட்டதே இல்லை.

கங்காணி குடும்பம் கப்பலேறி ஊருக்குப் போனது. துரைகளும் போனார்கள். நானும் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, பிற்பாடு எழுத்தும் படித்துக்கொண்டேன். கீழ் லயத்தை இடித்துவிட்டார்கள், கானில் புல் முளைத்து எந்தப் பக்கம் எது என்று தெரியவில்லை. குடைக்கம்பி ஊசியைப் பார்த்தவர்கள் இல்லை. பாட்டில் எனக்கே நடுவில் இரண்டு வரி மறந்துவிட்டது.

கடையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குல்லாயைத் தலையில் போட்டேன், காது வரை இறக்கினேன், கண்ணாடியில் பார்த்தேன், குரங்காட்டம் இருந்தது. கழற்றிக் குவியலில் போட்டேன். பக்கத்தில் ஒரு இளம்பெண், டீச்சர் மாதிரி இருந்தாள், தோட்டத்துப் பேச்சு. அதே குல்லாயை எடுத்தாள். என் வாய் தானாகத் திறந்தது.

"அது நான் போட்டதுங்க" என்றேன்.

"அதுனால என்னங்கம்மா?" என்றாள் அவள். புரியாமல்தான் கேட்டாள். என் தலைச்சூடு ஆறாத குல்லாயைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, "நல்லா இருக்குங்களா?" என்று என்னிடமே திரும்பிக் கேட்டாள்.