கன்னத்தில் ஒதுக்கிய கொய்னா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. இன்று ஈப்போ டவுனில் எனக்கு இரண்டு கடை, ஒரு லோரி. படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனால் மேல்படிப்பு டாக்டர்களுக்கே பாடம் சொன்னவன் நான். எப்படி என்று கேளுங்கள்.

அப்போது நான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிந்ததும், மலைக்காய்ச்சல் வராமலிருக்கக் கொய்னாத் தண்ணீரை ஒவ்வொருவருக்கும் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. காது வேறு இரையும். குடித்தால் பிள்ளை தங்காது என்று ஆட்கள் குடியிருந்த லயத்தில் ஒரு பேச்சு. புதிதாகக் கல்யாணம் ஆன நானும் அதை நம்பினேன். மருந்தைக் கன்னத்தில் ஒதுக்கி, மரத்தடிக்குப் போய்த் துப்பும் வித்தையை என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமை.

அந்த வருடம் யாழ்ப்பாணத்து இளம் டாக்டர் ஒருவர் வந்தார். பட்டம் வாங்கிய பிறகு, வெப்ப நாடுகளின் காய்ச்சல்களைப் பற்றி மேல்படிப்பு படிப்பவர். ஆறு மாதம் தோட்டத்தில் தங்கி, மருந்து குடித்தவர் எத்தனை, காய்ச்சல் கண்டவர் எத்தனை என்று எழுதி அனுப்ப வேண்டும். வேறு நாடுகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகும் டாக்டர்கள் அதைப் படிப்பார்களாம்.

அவர் வந்த ஐந்தாம் மாதம் என் மனைவி காய்ச்சலில் விழுந்தாள். மூன்றாம் நாள் பிதற்றத் தொடங்கினாள். டாக்டர் லயத்துக்கே வந்து பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் மருந்து குடிக்கிற ஆளுக்கே இப்பிடியெண்டால், இந்தக் காய்ச்சலுக்குக் கொய்னா கேளாது. இனிக் குடுத்துப் பிரயோசனமில்லை. அப்பிடித்தான் எழுதப் போறன்" என்றார்.

சொன்னால் மண்டோர் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள்.

"ஐயா, அவ குடிக்கல. துப்புனா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். லயத்துல பாதிப் பேரு துப்புறாங்க."

அவர் நோட்டை மூடினார். கத்துவார் என்று நினைத்தேன். "அஞ்சு மாசமா நான் பொய்யைத்தான் எழுதியிருக்கிறன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு கரண்டி கரண்டியாக மருந்தை ஊற்றி, அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

மருந்து உள்ளே போகத் தொடங்கிய நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தவள் என்னைப் பார்த்து, "இந்தக் கசப்புக்கா என்னைய சாகக் குடுக்கப் பாத்தீங்க?" என்றாள்.

டாக்டர் என்னைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் காட்டிக் கொடுக்கவில்லை. "துப்பப் பழக்கினது நீர். விழுங்கப் பழக்கிறதும் நீர்தான்" என்றார்.

மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் முதல் குவளையை நானே குடித்தேன்.

"மண்டோரண்ணே, கன்னம் உப்பிக் கிடக்கே, மரத்தடிக்குப் போலாமா?" என்றாள் பால் வெட்டும் பெண் ஒருத்தி. பெரட்டே சிரித்தது. வாயைத் திறந்து காட்டினேன். அன்றிலிருந்து, குடித்தவர் தன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று சட்டம் போட்டேன். மருந்தை வாயில் வைத்துக்கொண்டு பெயர் சொல்ல முடியுமா?

டாக்டர் எழுதியதைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்கினார். அவருக்குப் பின் மேல்படிப்புக்கு வந்தவர்களையெல்லாம் முதல் நாளே என் பெரட்டுக்கு அனுப்பினார். நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டி விளக்குவேன், அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

என் வாழ்க்கையில் மற்றதெல்லாம் என் சாமர்த்தியத்தால் வந்தது. என் மனைவி மட்டும், என் சாமர்த்தியம் தப்பு என்று நான் வாய்விட்டுச் சொன்னதால் எனக்கு மிஞ்சியவள்.