விண்கல வாசலில் பூட்ஸைக் கழற்றிய ஓட்டார்

வடக்கு ஐஸ்லாந்தில் எங்கள் ஊர் பிப்ரவரி விருந்து புளிக்கவைத்த சுறாக்கறி இல்லாவிட்டாலும் நடக்கும், கேலி நாடகம் இல்லாமல் நடக்காது. அந்த வருடம் கூத்தடித்தவர்கள் அத்தனை பேரின் மானமும் மேடையேறும். போதகரையே விட்டதில்லை. ஓட்டாரை மட்டும் ஒருமுறைகூட யாரும் கிண்டலடித்ததில்லை. ஐம்பத்தெட்டு வயது, நூற்று நாற்பது ஆடு, சோல்வேக் என்ற மனைவி. கேலிக்கு ஒரு துரும்பும் தராத வாழ்க்கை. நாடகம் எழுதுகிறவன் நான் என்பதால் ஒவ்வொரு ஜனவரியும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"இந்த வருஷமாவது நான் இருக்கேனாடா, ஹாகோன்?"

"உன்னை வச்சு எழுத நீ என்னய்யா பண்ணினே?"

முகம் தொங்கிப்போகும். எனக்கு எரிச்சல்தான் வரும். மற்றவர்கள் என்னைக் கண்டால் ஒளிவார்கள். இவர் ஒருவர்தான் கிண்டலைக் கேட்டு வாங்க வருவார்.

போன கோடையில் எங்கள் எரிமலைப் பாறைவெளிக்கு விண்வெளிப் படம் எடுக்க வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். ஓட்டாரை விண்வெளி வீரராகச் சேர்த்துக்கொண்டார்கள். கோள் வெடிக்கப் போகிறது; ஆறு பேர் ஓடிவந்து விண்கலத்துக்குள் பாய வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதை அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

கோள் குமுறியது. ஐந்து பேர் உள்ளே பாய்ந்தார்கள். ஓட்டார் வாசலில் நின்றார், குனிந்தார், பூட்ஸைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்தார், காலுறையோடு உள்ளே போனார்.

"கட்!" என்று இயக்குநர் அம்மா அலறினாள். "உலகமே வெடிக்குது, என்ன பண்றீங்க?"

"உள்ள சுத்தமா தொடச்சு வச்சிருக்கீங்கம்மா. சேத்துக் காலோட எப்படிப் போறது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. வாசல் என்று ஒன்றைக் கண்டால் எங்களில் யாருக்கும் கை தானாகக் காலுக்குப் போய்விடும். இரண்டாம் முறையும் கழற்றினார். மூன்றாம் முறை பூட்ஸைக் காலோடு சேர்த்துப் பசைநாடாவால் சுற்றிவிட்டார்கள். கோள் காத்திருக்க, அவர் வாசலில் உட்கார்ந்து நிதானமாகப் பிரித்தார். நான்காம் முறை அந்த அம்மா, வெளியிலேயே குப்புற விழுந்து செத்துப்போகச் சொல்லிவிட்டாள்.

படம் வந்ததும் ஊரே பஸ் பிடித்து அகுரேரி நகரத் தியேட்டருக்குப் போனது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க வேண்டிய படம்தான். கதாநாயகி தனியாகக் கலத்தை ஓட்டித் திரும்பும்வரை நான் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டார்தான் அதில் இல்லை. புகைக்குள் பாதி முதுகு தெரிந்தது. "அதோ, என் முதுகு!" என்று அவர் எழுவதற்குள் முதுகும் போய்விட்டது. வரும் வழியெல்லாம் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு பஸ்ஸின் கடைசி சீட்டில் சாய்ந்து கிடந்தார்.

எனக்குப் பாவமாக இருந்தது. நொந்தவரை இன்னும் நோகடிப்பானேன் என்று நாடகத்தில் அந்தக் கதையை எழுதாமல் விட்டேன். என் பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது.

விருந்தில் நாடகம் முடிந்து எல்லோரும் கைதட்டும்போது ஓட்டார் எழுந்தார். நேராக மேடையேறி வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"டிராக்டரை ஏரியில விட்டவனுக்குப் பத்து நிமிஷம். எனக்கு ஒண்ணுமில்லையா? வேற கோள்லயே வாசல்ல பூட்ஸைக் கழட்டினவன்டா நான்!"

"மனசு கஷ்டப்படுவேன்னுதான்..."

"என் மனசைப் பாக்க நீ யாருடா? கத்து! அந்த அம்மா மாதிரி கத்து!"

கத்தினேன். அவர் ஓடிவந்தார், கழற்றினார், ஜோடியாக வைத்தார். மூன்று முறை. நான்காம் முறை குப்புற விழுந்து செத்தபோது கூடமே மேஜையைத் தட்டியது. போதகர் சிரித்துச் சிரித்து இருமினார். "இன்னொரு தடவை சாவுய்யா!" என்று சோல்வேக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூவினாள்.

ஓட்டார் எழவில்லை. தோள் குலுங்கியது. பயந்துபோய்க் குனிந்தேன்.

"அழறியாய்யா?"

"போடா. எல்லாரும் என்னைப் பாக்கறாங்களா, அதைச் சொல்லு."

"எல்லாரும்தான்."

"அப்போ கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கறேன்."