சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்க முடியாத மூன்று மாதங்கள்

நீதிமன்றத்தில் பதினாறு வருடம் மொழிபெயர்ப்பாளராக நின்றிருக்கிறேன். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டும். ஒருநாள் ஒரு பெண் "நான் காணேல்லை" என்றாள். என் வாய் "கண்டேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டது. தமிழ் தெரிந்த சட்டத்தரணி உடனே எழும்பித் திருத்தினார். யாருக்கும் கேடு வரவில்லை. ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்த்த விதம்! அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் மூன்று மாதம் லீவு எழுதிக் கொடுத்தேன்.

முதல் திங்கட்கிழமை ஏழு மணிக்கே சேலை உடுத்தி வாசலில் நின்றேன்.

"எங்க வெளிக்கிட்டுட்டீர்?" என்றார் கணவர்.

"ஒரு இடமும் இல்லை."

"அப்ப வந்து இரும். தேத்தண்ணி ஆறுது."

இருக்க முடியவில்லை. பத்திரிகையில் ஒரே பந்தியை நாலு தரம் வாசித்தேன். ஃபோன் அடித்தால் நீதிமன்றத்திலிருந்துதான் என்று எடுக்காமல் விட்டேன். கொழும்பு வெள்ளவத்தையில், சிங்களக் கடைகளில் பேசப் பயந்து, வேண்டியதை விரலால் காட்டி வாங்கினேன்.

லீவில் ஆறு கிழமை போனபின், கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவோடு அவள் மருந்தெடுக்கும் டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே சிங்கள நர்ஸ் ஒருத்தி மலையகத்து முதியவர் ஒருவருக்கு மாத்திரை எடுக்கும் விதத்தைச் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றும் விளங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எழும்பி வெளியே போய்விட நினைத்தேன்.

"நீ சொல்லன்," என்று அக்கா முழங்கையால் இடித்தாள்.

நர்ஸிடம் இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டேன். பிறகு அதை அவரிடம் தமிழில் சொல்லி, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கோ ஐயா" என்றேன்.

"காலையில ஒண்ணு, ராவைக்கு அரைங்க."

தலைகீழ். நான்தான் மாற்றிச் சொன்னேனா? நர்ஸிடம் திரும்பவும் கேட்டேன். காலையில்தான் அரை, இரவுக்கு ஒன்று என்றாள். அவருக்குத் திரும்ப விளக்கினேன்; இரண்டாம் தரம் அவர் சரியாகச் சொன்னார். சுவரோரம் கிடந்த வாங்கில், அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

லீவு முடிந்து போன முதல் நாளே, சாட்சி சொன்ன ஒரு சொல்லில் எனக்குச் சந்தேகம் வந்தது. "திரும்பச் சொல்லுங்கோ," என்றேன். நீதவான் மணிக்கூட்டைப் பார்த்தார். சாட்சி திரும்பச் சொல்லி முடிக்கும்வரை காத்து நின்றேன்.