இடி விழாத கணினி

என் மகளின் கணினியை இடி தாக்கிவிட்டது என்று நான் சொன்னது பொய். அதைப் பரணில் ஏற்றிப் பழைய வேட்டியால் மூடியவன் நான்தான்.

அவள் கல்லூரி முடித்திருந்த ஐப்பசி அது. பெங்களூரில் ஒரு நிறுவனம் நேர்முகத் தேர்வுக்கு அழைத்து, அவளே எழுதிய மென்பொருளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தது. பெய்த மழையையும் மாதத்தையும் கொடுத்தால், கரிசலில் உளுந்து விதைக்கலாமா, கம்பு விதைக்கலாமா என்று சொல்லும் மென்பொருள். அதே வாரம் குளத்தூரிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். வேலைக்குப் போகும் பெண் என்றால் விலகிவிடுவார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவள் இரண்டு நாள் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். வானமும் எனக்குத் தோதாக இடித்தது. இயற்பியல் வாத்தியாரான நானே மின்னல் என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? கடையில் காட்டினேன், எடைக்குத்தான் ஆகும் என்றார்கள், போட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். வேறு நகல் அவளிடம் இல்லை. பெங்களூருக்கு அவள் போகவில்லை. குளத்தூருக்கு மருமகளாகப் போனாள்.

"நல்லாத்தான இருக்கா" என்பார்கள். இருக்கிறாள். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது.

போன தீபாவளிக்கு வந்தவளிடம் அவள் பெண், என் பேத்தி, ஏதோ கம்ப்யூட்டர் பாடம் கேட்டாள். "அதெல்லாம் எனக்கு மறந்துபோச்சுட்டி" என்றாள் மகள். அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. அவர்கள் ஊருக்குப் போனதும் பரணில் ஏறினேன்.

வேட்டியை விலக்கினால், கணினிப் பெட்டியின் முகப்பெல்லாம் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். அடுக்கடுக்காக இருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தேன்.

"சரஸ்வதி பூசைக்கு எல்லாப் புஸ்தகத்துக்கும் வைக்கேன். அவ படிச்ச பொட்டிக்கு வைக்க வேண்டாமா?" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"பொய் சொன்னது நீங்க. நான் போய்ச் சொல்லணுமா?"

மறுநாள் பெட்டியைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, இது பேரீச்சம்பழத்துக்குப் போடுத சாமான். பழைய விண்டோஸ் கெட்டுப்போச்சு, புதுசு இதுல ஓடாது. உள்ள இருக்கத எல்லாம் அழிச்சா, வேற ஏதாவது ஏத்தலாம்."

"அழிக்கக் கூடாது."

"இந்த வயசுல இத வச்சு என்ன செய்யப் போறிய?"

"ஓட்டப் போறேன்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பழைய கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடும் என்று கைப்பேசியில் ஒரு காணொளி சொன்னது. அதைப் பத்துத் தடவை பார்த்தேன். கடைத்தெரு இணைய மையத்தில் பென்டிரைவில் ஏற்றி வாங்கினேன். பெட்டியின் முன்பக்கத் துளைகள் இரண்டிலும் சந்தனம் கல்லாக அடைத்திருந்தது. மனைவியின் கொண்டை ஊசியால் சுரண்டியும் பயனில்லை. பின்பக்கத் துளைதான் கைகொடுத்தது.

பெட்டியை வீட்டு டிவியோடு இணைத்ததும் திரை எரிந்தது. உள்ளிருந்த பேட்டரி செத்திருந்ததால், மகள் பள்ளிக்கூடமே போயிராத ஒரு வருடத்தைத் தேதியாகக் காட்டியது. பிறகு கேட்டது: வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா, இருப்பதன் பக்கத்திலேயே நிறுவவா? முதலில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது வாத்தியாருக்குத் தோன்றவில்லை. விரல் தவறினால் அவள் எழுதியதை இரண்டாவது முறையும் நானே கொன்றிருப்பேன்.

"எத அமுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"அழிக்காதத."

அரைமணி நேரத்துக்கு மேல் ஓடியது. கணினி மறுபடி எழுந்தபோது பழைய வட்டும் தெரிந்தது. அதில் மகளின் பெயரில் ஒரு கோப்புறை. உள்ளே உளுந்து, கம்பு, பருத்தி என்று அவள் பெயரிட்ட கோப்புகள் அத்தனையும் இருந்தன.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குளத்தூர் பேருந்தில் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மகள் அழவில்லை. சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "இடி விழுந்துட்டுன்னு யார் யார்ட்ட சொன்னிய?" என்று கேட்டாள்.

"எல்லார்ட்டயும்."

"அப்போ எல்லார்ட்டயும் போய்ச் சொல்லுங்க. இங்கன இருந்தே ஆரம்பிங்க."

மருமகன் முன்னாலும் சம்பந்தியம்மா முன்னாலும் சொன்னேன். "வேலைக்குப் போகக் கூடாதுன்னு நாங்க எப்பச் சொன்னோம்?" என்றார் சம்பந்தியம்மா. இப்போது சொல்வது எளிது என்று நினைத்தேன். ஆனால் அன்று நான் அவர்களைக் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து வீடு வீடாகப் போகிறேன். "வயசான காலத்துல எதுக்குவே இதக் கெளறுதீரு? குடும்ப மானம் போகாதா?" என்று சத்தம் போட்டான் மைத்துனன். போகட்டும் என்றேன். என் பொய்யால் காத்த மானம் எனக்கு வேண்டாம். போக முடியாத வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்குப் பிறகு மகள் என்னிடம் பேசவில்லை. தாயிடம் பேசுகிறாள். பழைய நிரலை லினக்ஸில் ஓட்டினால் திரை முழுக்கப் பிழையாம். ஒவ்வொன்றாகத் திருத்துகிறாளாம். நேற்று உளுந்து மட்டும் ஓடிவிட்டதாம்.