ஆடிப்பூரத்தன்று மாலை ஆறு மணி

என் அத்தை காற்றைப் பிடிக்கிறார் என்றுதான் எங்கள் தெருவில் பேச்சு. அப்பாவின் தங்கையான அவர் மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார். தற்காலிக வேலை. ஆராய்ச்சியை முடித்து டாக்டர் பட்டம் வாங்கினால் நிரந்தரமாகும். தாமதித்தால் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். இதை அத்தை சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா சொல்லித்தான் தெருவுக்கே தெரியும். "மாப்பிள்ளை பாக்கட்டுமான்னு கேட்டா, மொதல்ல காத்தைப் பாத்துட்டு வாரேன்னு சொல்லுதா" என்பார் அம்மா, பாதி கேலியும் பாதி பெருமையுமாக.

எங்கள் ஊருக்கு மேற்கே மலை. சில மாலைகளில் மலையிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று சட்டென்று இறங்கும். அது ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரே வேளையில் இறங்குகிறது என்பது அத்தையின் கணக்கு. அதை நிரூபிக்க இரண்டு ஊரிலும் தினமும் மாலை சரியாக ஆறு மணிக்கு வெப்பமானி பார்த்து எழுத வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தையின் தோழியான ஒரு டீச்சர் பார்த்தார். ராஜபாளையத்தில் நான். எனக்குப் பத்து வயது. வகுப்பில் என்னைக் கரும்பலகை துடைக்கக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. அப்படிப்பட்டவளிடம் ஓர் ஆராய்ச்சி ஒப்படைக்கப்பட்டிருந்தது. தலைகால் புரியவில்லை.

மொட்டை மாடியில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த மரப்பெட்டி ஒன்று. அதற்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்றன் குமிழில் பேண்டேஜ் துணி சுற்றி, அதன் நுனி ஒரு கிண்ணித் தண்ணீரில் கிடக்கும். அத்தையின் சட்டங்கள் கொஞ்சம்தான். கண்ணைப் பாதரசத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காகவே எனக்கு ஒரு முக்காலி. பார்க்கும்போது மூச்சு விடக்கூடாது. பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்காமல் ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பார்க்க முடியாமல் போன நாளில் 'பார்க்கவில்லை' என்று எழுதினால் போதும்.

மூச்சு விட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் வேண்டுமென்றே ஊதிப் பார்த்தேன். ரசம் மளமளவென்று ஏறியது. பயந்துபோய் சனிக்கிழமை அத்தை வந்ததும் சொல்லிவிட்டேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "எம்புட்டு ஏறுச்சு?" என்று கேட்டார். அப்புறம் அவரும் மாடிக்கு வந்து ஊதிப் பார்த்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆடிப்பூரத் தேருக்கு வீட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். தேர் பார்த்து, கடை கடையாக நின்று, அம்மா வளையல் வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போதே மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நின்றுகொண்டிருந்த எங்கள்மேல் திடீரென்று மேற்கிலிருந்து ஒரு காற்று வந்து மோதியது. பலூன்காரரின் குச்சி சாய்ந்தது. என் தலை ரிப்பன் அவிழ்ந்து பறந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. எனக்கு ரிப்பன் போன கவலை. அழுதேன்.

மறுநாள் காலையில்தான் நோட்டு நினைவுக்கு வந்தது. 'பார்க்கவில்லை' என்று எழுதக் கை வரவில்லை. அதுவரை ஒரு நாள்கூட விட்டதில்லை என்ற கர்வம். முந்தைய நாளின் எண்ணை அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று தசமப் புள்ளிக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதினேன். அந்த வயதில் எனக்கு அம்புட்டு விவரம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அத்தை வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி டீச்சரின் நோட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே சிரிப்பு. "மதினி, தேரன்னைக்கு ஒரே அடியா ஏழு டிகிரி எறங்கியிருக்கு! இம்புட்டு நாளும் இதுக்குத்தான் காத்துக்கெடந்தேன்!" என்று அம்மாவிடம் சொன்னார். கூடத்தில் உட்கார்ந்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். என் நோட்டில் ஒரு டிகிரிகூட இறங்கியிருக்கவில்லை. சிரிப்பு மெல்ல நின்றது.

"ஏட்டி, இங்க வா. அன்னைக்கு ஆறு மணிக்கு நீதான பாத்தே?"

"ஆமா அத்தை, நாந்தான் பாத்தேன்."

"துணி ஈரமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"காத்து அடிச்சுதா?"

"ஒண்ணும் அடிக்கல அத்தை."

கடைசிப் பதில் நான் தாராளமாகச் சேர்த்துக் கொடுத்தது.

அம்மா அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். தேரன்று எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் குட்டு உடைந்திருக்கும். அத்தை கேட்கவில்லை. பார்த்தவரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பது அவர் வழக்கம். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து தன் கையெழுத்துப் பிரதியை எடுத்து, 'இரண்டு ஊர்களிலும்' என்று இருந்த இடத்தில் ஒரே ஒரு கோடு போட்டார்.

"சரி. அப்ப என் கணக்குத்தான் தப்பு" என்றார். செத்த நேரம் கழித்து, "ஆனா இங்க மட்டும் ஏன் வரல?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். கண் பளபளத்தது. தப்பித்தோம் என்று நான் தெருவுக்கு விளையாட ஓடினேன்.

அந்தக் கேள்வியோடு அத்தை மேலும் இரண்டு வருடம் அலைந்தார். செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் வெயிலில் நின்று நின்று கறுத்துப்போனார். இதற்குள் மதுரை வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அத்தை வடக்கே எங்கோ ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய், மொழி தெரியாத ஊரில் பாடம் நடத்தி, இன்றைக்குப் பேராசிரியர். எங்களைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை வருகிறார்.

கல்லூரியில் படிக்கும்போதுதான் அவருடைய ஆய்வேட்டை நான் கையில் எடுத்தேன். அந்தக் காற்று ராஜபாளையத்திலும் அதே வேளையில் ஏன் இறங்குவதில்லை என்பதற்கு முழுதாக ஓர் அத்தியாயம் இருந்தது. ஆடிப்பூரத்தன்றைய எண் நான் எழுதியபடியே இருந்தது. அதற்கு ஓர் அடிக்குறிப்பு: "இந்த அளவு, எடுத்தவரிடம் நேரில் கேட்டு உறுதி செய்யப்பட்டது." நூலகத்தில் உட்கார்ந்து வாய் பொத்தி அழுதேன்.

பொய் சொன்னால் அடி விழும் என்பது பத்து வயதில் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு குழந்தையின் வார்த்தையை நம்பி, தான் கண்டுபிடித்ததையே தப்பு என்று அடித்துவிடும் ஆள் உலகத்தில் இருக்கக்கூடும் என்பது மட்டும் தெரியாது.