குணசேகரன் பெயரில் என் ரத்தம்

முதல் ஷிப்ட்டுக்குப் போகும் கம்பெனி பஸ் வல்லம் வடகாலைத் தாண்டிக்கொண்டிருந்தபோது குணசேகரனின் மனைவி சாந்தி போன் செய்தார். “அண்ணே, அவரு எழுந்துக்க மாட்டேன்றாருண்ணே” என்றார். டிரைவரிடம் சொல்லி இறங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள் குணசேகரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பார்த்து, திருப்பியும் கொண்டுவந்திருந்தார்கள். வயது ஐம்பத்தொன்று.

மறுநாள் நம் ஆலை வாசலில் தொழிலாளர்கள் நாம் கட்டிய பேனரில் ‘திடீர் மறைவு’ என்று அச்சிட்டிருந்தோம். அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவன் நான். நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். துக்கம் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தீர்கள். துக்கம் மட்டும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் மறைவு திடீரென்று வந்ததல்ல.

சரக்கை லாரியில் ஏற்றும் டெஸ்பாட்ச் பிரிவில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியதைப் பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை லாரி காத்திருக்கிறது என்று சூப்பர்வைசர் இரண்டு பெட்டிகளை ஒன்றாக அடுக்கித் தூக்கச் சொன்னார். குணசேகரன் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். “இது சாயும் சார். சாயலன்னா என் அதிர்ஷ்டம், சாஞ்சா கீழ கீறவன் உசுரு. நான் எடுக்க மாட்டேன்.” சூப்பர்வைசர் கத்தினார். குணசேகரன் கைகட்டி நின்றார். கடைசியில் ஒவ்வொன்றாகத்தான் போயிற்று. பிறர் உயிர் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்த மனிதர், தன் விஷயத்தில் அப்படி இல்லை. அவரை அப்படி இருக்க விட்டவர்களில் முதல் ஆள் நான்.

ஸ்டோர்ஸில் இருக்கும் எனக்கும் அவருக்கும் பதினான்கு வருடப் பழக்கம். அவருக்குச் சர்க்கரை இருப்பது எனக்கும் சாந்திக்கும் மட்டுமே தெரியும். நம் பக்கத்து ஷெட்டில் ஒரு டிரைவர் மயங்கி, வண்டியைக் கொண்டுபோய் ரேக்கில் மோதியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு சர்க்கரை உள்ளவர்களை வண்டியிலிருந்து இறக்கி, சம்பளம் குறைந்த பேக்கிங்கில் போட ஆரம்பித்தார்கள். யாருக்குக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள்.

அந்த வருடம்தான் ஆலையில் மெடிக்கல் கேம்ப்பும் தொடங்கியது. முதல் கேம்ப்புக்கு முந்தின நாள் குணசேகரன் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். “சேவியரு, ஒரு உதவி. பத்து சொட்டு ரத்தம் குடு” என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன்.

கேம்ப்பில் அடையாள அட்டையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. டோக்கனைப் பார்த்து எண்ணை எழுதி ரத்த ட்யூபில் ஒட்டுவார்கள். ஒரு மேசையில் என் இடது கையிலிருந்து என் பெயருக்கு எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு மேசையில் அவர் டோக்கனை நீட்டி, வலது கையைக் கொடுத்தேன். நான்கு வருடங்கள் இப்படி நடந்தது. நான்கு வருடமும் குணசேகரனுக்குச் சர்க்கரை ‘நார்மல்’.

கேம்ப் முடிந்த அடுத்த வாரம், சர்க்கரை அதிகமாக இருப்பவர்களை ஒரு வேனில் ஏற்றி காஞ்சிபுரத்துக்கு அனுப்புவார்களே, அதை கேட் அருகே நின்று பார்ப்போம். “பாருடா, சக்கரை கோஷ்டி டூர் போவுது” என்பார் குணசேகரன். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அவர் வைத்தியமே பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வாலாஜாபாத்தில் ஒரு லேடி டாக்டரிடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் பைக்கில்தான் போவோம். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். பீடியை விட்டார். சர்க்கரை ஓரளவு சொன்னபடி கேட்டது. ஆனால் கொழுப்புக்கும் பிரஷருக்கும் டாக்டர் எழுதிய மாத்திரைகளைக் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார். “வலிக்காத வியாதிக்கு எத்தினி மாத்திரடா துன்றது? கிட்னி போயிடும்” என்றார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போன வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு மாதம் முன்பு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கேன்டீன் மாடிப்படியில் பாதியில் நின்று போன் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கியவர் சட்டையெல்லாம் வேர்த்து நனைய, அப்படியே தரையில் உட்கார்ந்தார். “கேஸுப்பா” என்றார். நான் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தேன். இன்றும் அதை நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் டாக்டர் ஈசிஜி எடுத்தார். காகிதத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “நெஞ்சுவலி எப்ப வந்துச்சு?” என்று கேட்டார்.

“வலியே வரலீங்களே. மூச்சுதான் வாங்குது.”

“சர்க்கரை ரொம்ப வருஷமா இருந்தா நரம்பு மரத்துப்போகலாம். சில பேருக்கு அட்டாக் வந்தாலும் வலி தெரியாது. உங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு வந்துட்டுப் போன மாதிரி இருக்கு.” அவர் பேனாவை மூடிவைத்தார். “சர்க்கரைன்னா காலு, கண்ணுன்னு மட்டும் பயப்படுறீங்க. முதல்ல பயப்பட வேண்டியது இதயத்துக்கு. அந்த மாத்திரையெல்லாம் எதுக்கு எழுதினேன்? உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?”

குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஷூரன்ஸில் போனால் காகிதம் ஆலைக்கு வரும். ஒன்பது வருடச் சர்க்கரை என்று அதில் இருக்கும்.

“சர்க்கரை கட்டுப்பாட்டுல இருந்துச்சுன்னு லெட்டர் வேணும்னா தரேன்” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் குணசேகரன் சொன்னார்: “லெட்டர் குடுத்தா, நாலு வருசமா ஏமாத்தினேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரிடா. நீயும் மாட்டுவ. ஆயுத பூஜை போவட்டும், பாத்துக்கலாம்.”

நீயும் மாட்டுவாய் என்றாரே, அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். மாட்டினால் மாட்டுகிறேன், ஏறுடா வண்டியில் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பைக்கைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினேன். பதினேழாம் நாள் சாந்தியின் போன் வந்தது.

காரியம் முடிந்த பிறகு சாந்தி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான்கு வருட ஆலை ரிப்போர்ட்டுகள். “கம்பெனி ரிப்போர்ட்ல சக்கரையே இல்லன்னு போட்டுக்கீதுண்ணே. என்கிட்ட காட்டி, ‘பாரு, கொறைஞ்சி பூடுச்சி’ன்னாரு. நானும் அத நம்பி, வூட்ல இனிப்பு செஞ்சா ரெண்டு குடுத்துக்கினு இருந்தேன்” என்றார்.

என் ரத்தம் என்று தெரிந்தே அதை மனைவியிடம் காட்டியிருக்கிறார். அவள் பயப்படக் கூடாது என்பதற்காகவா? காட்டிக் காட்டித் தானும் கொஞ்சம் நம்பிவிட்டாரா? கேட்க ஆளில்லை. அன்றைக்கே சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுந்து உள்ளே போனார். வெளியே வரவேயில்லை.

முதலுதவி அறை நர்ஸிடம் அந்த வேனைப் பற்றிக் கேட்டேன். “ஹார்ட் செக்கப்புக்குத்தாண்ணே. ஈசிஜி, எக்கோ, கொழுப்பு டெஸ்ட் எல்லாம் எடுப்பாங்க. போன வருஷம் அதுலதான் ரெண்டு பேருக்கு அடைப்பு கண்டுபுடிச்சாங்க. குணா அண்ணன் பேரு லிஸ்ட்லயே வரலியே” என்றார்.

எப்படி வரும்? வராதபடி வருடாவருடம் வலது கையை நீட்டியவன் நான்.

‘எங்கள் பதிவேடுகளின்படி அவருக்கு எந்த நோயும் இல்லை’ என்று ஆலையிலிருந்து சாந்திக்குக் கடிதம் வந்திருக்கிறது. அது பொய்யில்லை. பதிவேட்டில் இருப்பது என் உடம்பு. ஆனால் நோயைச் சொன்னால் வண்டி போய்விடும் என்று ஒருவனைப் பயமுறுத்திவிட்டு, சொல்லவில்லையே என்று கேட்கிற நிர்வாகத்துக்கும் இந்தச் சாவில் பங்கு உண்டு. இதைப் படித்து என்னை விசாரணைக்குக் கூப்பிட்டால், இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

போன வாரம் இந்த வருடக் கேம்ப். முந்தின நாள் பெயின்ட் ஷாப் மோகன் என்னைத் தேடி வந்தார். அவரும் வண்டி ஓட்டுகிறவர், சர்க்கரை உள்ளவர். நான் சாந்தியிடம் சொன்னது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. “அண்ணே, குணா அண்ணனுக்குச் செஞ்சீங்களாமே. எனக்கும் ஒருவாட்டி…” என்று இழுத்தார்.

“மாட்டேன். நீ உன் கையைக் குடு. அப்புறம் உன்ன வண்டிலேர்ந்து எறக்குனா, ஏன்னு சேர்ந்து போய்க் கேக்கலாம்.”

“உனுக்கு இன்னா, நோவு இல்லாதவன் பேசுவ” என்று கெட்ட வார்த்தை ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் மறுநாள் தன் கையைத்தான் கொடுத்தார். இந்த வாரம் வேனிலும் ஏறினார். நான் மறுத்ததிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

குணசேகரன் என்னிடம் ஒரு நாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளும்படி நான் எதுவும் செய்யவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். இனிமேல் மோகனின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், குணசேகரன் இப்படி என்னோடு பேசாமல் உயிரோடு நடந்து போயிருக்கலாமே என்று நினைத்துக்கொள்வேன்.